இந்தப் பெயர் விற்பனைக்கு: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டொமைன் பெயர் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) வாங்குவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாங்கி வைத்ததை எப்படி விற்பது என்றுதான் கேட்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுவதும் விற்பனைப் பக்கத்துக்கே: அதாவது, ஒருவர் உங்கள் டொமைனை உலாவியில் தட்டும்போது அவர் முன் திறக்கிற அந்த ஒற்றைப் பக்கம். வாசகர்கள் அனுப்பிய டொமைன் பெயர்கள் எதையும் இங்கே அச்சிடவில்லை. நல்ல பெயராக இருந்தால் போட்டிக்கு ஆள் கிளம்புவார். சுமாரான பெயராக இருந்தால் அனுப்பியவர் மனம் நோகும்.

கேள்வி: வீட்டு அலங்காரத் துணிகள் தொடர்பாகச் சில டொமைன் பெயர்களை வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் கட்டுகிறேன். ஒருவர்கூட விசாரிக்கவில்லை. பெயரைத் தட்டினால் 'விரைவில் வருகிறோம்' என்ற பக்கம் திறக்கும். உண்மையாகவே தேவைப்படுகிறவர் என்னைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார் அல்லவா? (கரூர் வாசகர்)

மாட்டார். முன்பு கண்டுபிடித்தார்கள். ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் தேடினால் உரிமையாளரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், பல சமயம் வீட்டு முகவரிகூடக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் பதிவு நிறுவனங்கள் அந்த விவரங்களை மறைக்கத் தொடங்கின. டாட் காம் போன்ற பெயர்களுக்கு 2025 ஜனவரியில் ஹூயிஸும் கட்டாயமில்லை என்றாகி, ஆர்டாப் என்ற புதிய முறை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. இன்று தேடுகிறவருக்குப் பெரும்பாலும் 'தனியுரிமைக்காக மறைக்கப்பட்டது' என்ற வரிதான் கிடைக்கிறது. உங்களை வந்தடைய அவருக்கு மிச்சமிருக்கும் நேரான வழி, அந்தப் பெயரையே தட்டிப் பார்ப்பது. அங்கே வந்து நிற்கிறவரிடம் 'விரைவில் வருகிறோம்' என்கிறீர்கள். யாரோ கடை திறக்கப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டு, பெயரின் வாலில் இன்னொரு சொல்லைச் சேர்த்து வேறொன்றைப் பதிந்துவிட்டுப் போயிருப்பார். எத்தனை பேர் அப்படிப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் பெயர்களில் சிலவற்றை நான் தட்டியபோது 'பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வந்தது. 2018 ஜூலையில் வந்த பதிப்பிலிருந்து குரோம், எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கங்கள் எல்லாவற்றுக்கும் முகவரிப் பட்டையில் அப்படி எழுதிக் காட்டுகிறது. பணம் கேட்கிற பக்கத்தின் தலையில் அந்தச் சொல் இருக்கலாமா? அந்த இணைப்புக்கு வேண்டிய சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது. வருகிறவரை வேறு முகவரிக்குத் 'திருப்பிவிடும்' என்று பதிவு நிறுவனம் தரும் வசதியை நம்பியிருந்தால், அது எச்டிடிபிஎஸ் முகவரிக்கும் வேலை செய்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். பல இடங்களில் செய்வதில்லை. பக்கம் வெறுமனே சுற்றிக்கொண்டே நிற்கும்.

கேள்வி: விற்பனைப் பக்கம் ஒன்றை நானே வடிவமைத்திருக்கிறேன்; சுட்டியை அனுப்புகிறேன். முகப்பில் நகரும் படங்கள், 'இந்தப் பெயர் உங்கள் தொழிலை உயர்த்தும் எட்டுக் காரணங்கள்', சலுகை முடியும் நேரத்தைக் காட்டும் கடிகாரம், கடைசியில் விசாரணைப் படிவம் என்று அமைத்திருக்கிறேன். தங்கள் கருத்து என்ன ஐயா? (சேலம் வாசகர்)

உழைத்திருக்கிறீர்கள். அந்த உழைப்பில் முக்கால் பங்கை அழிக்கச் சொல்லப் போகிறேன்.

இந்தப் பக்கத்துக்கு வருகிறவர் யார் என்று யோசியுங்கள். விளம்பரம் பார்த்து வந்தவர் அல்லர். ஒரு தொழில் தொடங்க நினைத்து, மனைவியிடமோ பங்காளியிடமோ பேசிப் பேசி ஒரு பெயரை முடிவு செய்து, அதைத் தானே எழுத்து எழுத்தாகத் தட்டி வந்தவர். அந்தப் பெயர் நல்ல பெயர் என்பது அவர் முடிவு. அதை எட்டுக் காரணம் சொல்லி அவருக்கே விளக்குகிறீர்கள். அவருக்கு இருக்கும் ஐயங்கள் வேறு. இது உண்மையிலேயே விற்பனைக்குத்தானா? என்ன விலை? பணத்தைக் கட்டினால் பெயர் கைக்கு வருமா, ஏமாந்துவிடுவேனா? இந்த மூன்றுக்கும் பதில் கைபேசியின் முதல் திரையில், விரலால் தள்ளாமலே தெரிய வேண்டும். உங்கள் பக்கத்தில் முதல் திரையில் தெரிவது கை குலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள்.

நான் மதுரையில் ஒரு நாளிதழின் வரி விளம்பரப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவன். வீடு விற்க வருகிறவர் எழுதிக்கொண்டு வரும் தாளில் 'அருமையான', 'அற்புதமான', 'அரிய வாய்ப்பு' எல்லாம் இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்று சொன்னதும் அவரே பேனாவை வாங்கி அவற்றை அடித்துவிடுவார். மிஞ்சுவது: இடம், அளவு, எந்தத் திசை பார்த்தது, விலை, தொலைபேசி எண், 'தரகர் வேண்டாம்'. அந்த விளம்பரத்துக்குத்தான் ஆள் வரும். இணையத்தில் சொல்லுக்குக் காசு இல்லை என்பதுதான் நம்மைக் கெடுத்திருக்கிறது.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். மேலே டொமைன் பெயர், திரையின் அகலத்துக்குப் பெரிதாக. நீளமான பெயர் என்றால் கைபேசியில் பாதியில் உடைந்து 'டாட் காம்' அடுத்த வரிக்கு விழும். எழுத்தின் அளவைக் குறைத்தாவது ஒரே வரியில் நிறுத்துங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்களை ஒட்டி எழுதிய பெயர்களில் எந்த இடத்தில் சொல் பிரிகிறது என்றே தெரியாது. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாகக் காட்டுங்கள். டொமைனில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு கிடையாது. அதனால் முகவரி மாறாது, படிப்பது மட்டும் எளிதாகும்.

அதன் கீழே 'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற ஒரு வரி. அதன் கீழே விலை. இங்கே ஒரு சிறு விஷயம், ஆனால் விற்பனையைத் தடுக்கக்கூடியது: நாம் மூன்றரை லட்சத்தை 3,50,000 என்று காற்புள்ளி வைப்போம், வெளிநாட்டில் 350,000 என்பார்கள். இந்திய வாடிக்கையாளருக்கு நம் முறையிலேயே எழுதி, பக்கத்தில் 'மூன்றரை லட்சம் ரூபாய்' என்று சொல்லாலும் எழுதுங்கள். டாலரில் விலை சொன்னால் 'அமெரிக்க டாலர்' என்று முழுதாக எழுத வேண்டும். சிங்கப்பூர்க்காரருக்கும் கனடாக்காரருக்கும் ஆஸ்திரேலியாக்காரருக்கும் டாலர் என்றால் அவரவர் டாலர்தான்.

பிறகு ஒரு பொத்தான், ஒரு படிவம். படிவத்தில் பெயர், மின்னஞ்சல் அல்லது தொலைபேசி, சொல்ல விரும்புவது: இந்த மூன்று கட்டம் போதும். நீங்கள் நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் பட்ஜெட்டையும் கட்டாயமாகக் கேட்கிறீர்கள். புதுத் தொழில் தொடங்குகிறவர் தன் நிறுவனத்தின் பெயரை முன்பின் தெரியாதவரிடம் சொல்லவே மாட்டார். சொன்னால் விலை ஏறும் என்று அவருக்குத் தெரியும். குப்பைச் செய்திகளுக்கு அஞ்சிப் போக்குவரத்து விளக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டாம். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தை நிரலில் வைத்தால், அதை நிரப்புகிறவை எல்லாம் தானியங்கிகள் என்று தள்ளிவிடலாம்.

கடைசியாக, பணமும் பெயரும் எப்படிக் கைமாறும் என்று இரண்டு வரி. விற்கிறவர் யார், எந்த ஊர் என்று ஒரு வரி. நம் ஊரில் வாட்ஸ்அப் எண் இருந்தால் நம்பிக்கை கூடுகிறது. வீட்டு எண்ணைப் போடாமல் அதற்கென்று ஒரு சிம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை இன்றே எடுத்துவிடுங்கள். உரிமையாளரின் பெயர் மறைந்தாலும் பதிவுத் தேதி இன்னும் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கிறது. பல ஆண்டுகளாக யாரும் வாங்காமல் கிடக்கும் பெயருக்கு 'இன்னும் 2 மணி நேரமே' என்று எழுதினால் வாங்க வந்தவர் சிரிப்பார்.

கேள்வி: விலையை எழுதினால் பேரம் பேசிக் குறைக்கிறார்கள். எழுதாவிட்டால் பெரிய நிறுவனம் வந்தால் பெரிய தொகை கேட்கலாம். எழுதாமல் விடுவதுதானே புத்திசாலித்தனம்? (நாகர்கோவில் வாசகி)

உங்களிடம் இருப்பது எந்த மாதிரிப் பெயர் என்பதைப் பொறுத்தது. டெஸ்லா நிறுவனம் பல ஆண்டுகள் 'டெஸ்லா மோட்டார்ஸ் டாட் காம்' என்ற முகவரியில்தான் இருந்தது. வெறும் 'டெஸ்லா டாட் காம்' வேறொருவரிடம் இருந்தது. 2016இல்தான் அது கைமாறியது. பத்தாண்டுக்கு மேல் ஆனது, 1 கோடியே 10 லட்சம் டாலர் ஆனது என்று ஈலான் மஸ்க் பிறகு சொன்னார். 'சாட் டாட் காம்' என்ற பெயரை ஹப்ஸ்பாட் என்ற மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான தர்மேஷ் ஷா 2023இல் 1 கோடியே 55 லட்சம் டாலருக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே அது சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ கைக்குப் போனது. இப்படிப்பட்ட பெயருக்கு விலை எழுதக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். வாங்கக்கூடியவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்கள் வழக்கறிஞரையும் தரகரையும் அனுப்பித்தான் பேசுவார்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். ஒரு மாவட்டத்தின் பெயரும் ஒரு தொழிலின் பெயரும் சேர்ந்த டொமைன்கள். இவற்றை வாங்கப் போகிறவர் ஒரு நகைக்கடைக்காரர், ஒரு பயண ஏற்பாட்டாளர், ஒரு பல் மருத்துவர். விலை இல்லாத பக்கத்தைப் பார்த்ததும் அவர் இரண்டில் ஒன்றை நினைப்பார்: நமக்குக் கட்டுப்படியாகாது, அல்லது ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான், பக்கத்தை மூடிவிடுவார். பேரம் பேசி வருகிறவரை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். என்னைக் கேட்டால் பேரம் பேசுகிறவர் பாதி வாங்கிவிட்டவர். பத்து லட்சத்துக்குக் கீழ் என்றால் விலையை எழுதுங்கள். பேசித் தீர்க்க இடம் வேண்டுமென்றால் அந்த விலையிலேயே அதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். 'குறைந்தது இவ்வளவு' என்று ஓர் எல்லையை மட்டும் எழுதும் முறையும் உண்டு. ஆனால் அந்தக் குறைந்த தொகையைத்தான் எல்லோரும் விலை என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம். உங்கள் பக்கத்தில் ஒரு விலை, டொமைன் பெயர்களை விற்கும் இணையச் சந்தைகளில் வேறு விலை என்று இருக்கவே கூடாது. உங்கள் இரண்டு பெயர்களுக்கு அப்படி இருக்கிறது. வாங்குகிறவர் குறைந்த விலையைக் காட்டித்தான் பேசத் தொடங்குவார். சந்தையில் 'உடனே வாங்கு' என்று குறித்துவிட்டீர்கள் என்றால், அந்த விலைக்கே நீங்கள் கட்டுப்பட்டவர்.

கேள்வி: பெயர் விற்கும்வரை பக்கத்தில் பார்க்கிங் விளம்பரங்களை (சும்மா கிடக்கும் டொமைனில் காட்டப்படுபவை) வைத்தால் புதுப்பிக்கும் செலவாவது வருமே? (திருச்சி வாசகர்)

அந்தக் காலத்தில் வந்தது. விளம்பர வருமானத்துக்காகவே ஆயிரக்கணக்கான பெயர்களைக் குவித்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இன்று சாதாரணப் பெயருக்கு டீச் செலவுகூட வராது. வாங்க வந்தவர் விளம்பரத்தைச் சொடுக்கி வேறெங்கோ போய்விடுவார் என்பது அடுத்த நஷ்டம். இரண்டையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்கு நிசான் வழக்கைச் சொல்ல வேண்டும்.

யூசி நிசான் என்பவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினிக் கடை வைத்திருந்தார். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். 1994இல் 'நிசான் டாட் காம்' பெயரைத் தன் கணினித் தொழிலுக்காகப் பதிந்துகொண்டார். அதில் யாரும் குறை காண முடியாது. 1999இல் அந்தப் பக்கத்தில் விளம்பரங்கள் இடம்பெற்றன. அவற்றில் கார் தொடர்பானவையும் இருந்தன. அதே ஆண்டு ஜப்பானிய நிசான் மோட்டார் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2004இல் அமெரிக்காவின் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம், கார் விளம்பரங்கள் அந்த நிறுவனத்தின் வணிகச் சின்ன உரிமையை மீறுகின்றன என்றது. கார் அல்லாத விளம்பரங்களை அப்படிச் சொல்லவில்லை. பெயர் கடைசிவரை அவரிடமே இருந்தது. ஆனால் வழக்குச் செலவு அவரை உருக்குலைத்துவிட்டது. 2020இல் இறந்துபோனார்.

தன் சொந்தப் பெயரை வைத்திருந்தவருக்கே பக்கத்தில் வந்த விளம்பரத்தால் இவ்வளவு தொல்லை. பார்க்கிங் நிறுவனங்கள் விளம்பரங்களைத் தானியங்கியாகப் போடுகின்றன. உங்கள் பெயரை ஒத்த ஒரு நிறுவனத்தின் போட்டியாளர் விளம்பரம் நாளை அங்கே வரலாம். 'நான் போடவில்லை, இயந்திரம் போட்டது' என்ற வாதத்தை டொமைன் தகராறுகளை விசாரிக்கும் குழுக்கள் பொதுவாக ஏற்பதில்லை. பெயர் உங்களுடையது, பக்கத்துக்குப் பொறுப்பும் உங்களுடையது. விளம்பரம் இல்லாத வெறும் விற்பனைப் பக்கமே போதும்.

கேள்வி: பிரபலமான ஒரு நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் கூடுதலாகச் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறேன். சட்டச் சிக்கல் வராமலிருக்க விற்பனைப் பக்கத்தில் என்ன வாசகம் எழுத வேண்டும்? (திருப்பூர் வாசகர்)

அப்படி ஒரு வாசகம் கிடையாது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 'சிஃபி' என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து உருவாக்கிப் பயன்படுத்தி வந்தது. இன்னொருவர் அதே ஒலியில், ஓர் எழுத்துக் கூடுதலாக வைத்துத் தொழில் நடத்தினார். 2004இல் உச்ச நீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே பக்கம் தீர்ப்பளித்தது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்றது. உலகளவில், டொமைன் பெயர் முறையை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் தகராறு விதிமுறை 1999 முதல் இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் விதிமுறை இருக்கிறது. வணிகச் சின்னம் வைத்திருப்பவரிடமே கூடுதல் விலைக்கு விற்பதற்காகப் பதிவதைத் தீய நோக்கத்துக்கு அடையாளமாக ஐகேன் விதிமுறை பெயர் சொல்லியே குறிக்கிறது. உங்கள் விற்பனைப் பக்கம்தான் எதிர்த் தரப்பின் முதல் சாட்சியாக இருக்கும். புதுப்பிக்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பூட்டுத் தொழில் சார்ந்த ஒரு டாட் இன் பெயரும், தமிழ் எழுத்திலேயே அமைந்த டாட் இந்தியா பெயர் ஒன்றும் வைத்திருக்கிறேன். பக்கத்தைத் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா? (திண்டுக்கல் வாசகர்)

முதல் பெயருக்கு வாங்குகிறவர் உங்கள் ஊர்ப் பூட்டு வியாபாரியாக இருக்கலாம். மும்பையிலிருந்து இணைய வணிகம் செய்கிறவராகவும் இருக்கலாம். இரண்டு மொழியிலும் எழுதுங்கள். இருப்பதே ஐந்தாறு வரிகள். மொழி மாற்றும் பொத்தான் எதற்கு? தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே, அவ்வளவுதான். திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பெருமையாக ஒரு வரி எழுதத் தோன்றும். எழுத வேண்டாம். 'அதிகாரபூர்வமான' என்ற சொல்லும் வேண்டாம். நீங்கள் விற்பது பெயரை மட்டும். பூட்டையோ குறியீட்டு உரிமையையோ விற்கிறீர்கள் என்ற தோற்றம் வந்துவிடக் கூடாது.

இரண்டாவது பெயர் எனக்குப் பிடித்த ரகம். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டு முகவரிகள் இருக்கின்றன. வைத்திருப்பவர்கள் குறைவு, வாங்க நினைக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். இந்த முகவரியை மின்னஞ்சலிலோ சில செயலிகளிலோ ஒட்டினால் தமிழ் எழுத்து மறைந்து, 'எக்ஸ் என்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஒரு புரியாத வரிசை வந்து நிற்கும். இணையத்தின் உள்கட்டமைப்பு அந்த வடிவத்தில்தான் பெயரைப் படிக்கிறது. வாங்க வருகிறவர் அதைக் கண்டு மோசடி முகவரி என்று மிரளுவார். ஆகவே உங்கள் விற்பனைப் பக்கத்தில் தமிழ்ப் பெயரைப் பெரிதாகவும், அந்த வடிவத்தைச் சிறிதாகவும் காட்டி, இரண்டும் ஒன்றே என்று ஒரு வரி எழுதுங்கள். தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரி எல்லாச் சேவைகளிலும் வேலை செய்யாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விற்ற பிறகு வரும் சண்டை மிச்சம். விலையைக் கொஞ்சம் அடக்கமாகவே வையுங்கள்.

கேள்வி: விற்பனைப் பக்கம் வைத்த சில நாட்களிலேயே வெளிநாட்டிலிருந்து ஒருவர் 18,000 டாலர் தருவதாக எழுதினார். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால், அவர் சொல்லும் இணையதளத்தில் பணம் கட்டி ஒரு மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டுமாம். செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகி)

செய்யாதீர்கள் அம்மா. அவர் விற்பதே அந்தச் சான்றிதழைத்தான். டொமைன் உலகில் இது மிகப் பழைய ஏமாற்று. பக்கம் புதிதாகத் திறந்ததும் வந்துவிடுவார்கள். கேட்ட விலைக்கு மேல் தருகிறேன் என்பார்கள், சான்றிதழ் இந்த இடத்தில்தான் வாங்க வேண்டும் என்பார்கள், கட்டணத்தைப் பிறகு திருப்பித் தருகிறேன் என்பார்கள். கட்டிய மறுநாள் ஆளைக் காண முடியாது. இதன் தம்பி ஒன்றும் உண்டு: போலி எஸ்க்ரோ தளம். எஸ்க்ரோ என்பது இரு தரப்புக்கும் நடுவில் பணத்தை வைத்திருக்கும் சேவை. உண்மையான தளத்தின் வடிவத்தை அப்படியே நகலெடுத்து, பணம் வந்துவிட்டதாகக் காட்டி, பெயரை வாங்கிக்கொண்டு மறைந்துவிடும்.

இதைத் தடுக்கும் வேலையையும் விற்பனைப் பக்கமே செய்ய முடியும். 'பரிமாற்றம் இந்த எஸ்க்ரோ சேவை வழியாக மட்டுமே. மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பவர்களுக்குப் பதில் அளிக்கப்படாது' என்று நீங்களே எழுதிவிட்டால் இந்தக் கூட்டத்தில் பாதி கலைந்துவிடும். எஸ்க்ரோவில் வாங்குகிறவர் முதலில் நடுநிலை நிறுவனத்திடம் பணம் கட்டுவார். கட்டியதை அந்த நிறுவனம் உங்களுக்கு அறிவிக்கும். நீங்கள் பெயரை மாற்றித் தருவீர்கள். அவர் பெற்றுக்கொண்டேன் என்றதும் பணம் உங்களுக்கு விடுவிக்கப்படும். 1999இல் தொடங்கிய எஸ்க்ரோ டாட் காம் இந்தத் துறையில் பரவலாகப் பயன்படுகிறது. அறிவிப்பு மின்னஞ்சலில் வரும் சுட்டியைச் சொடுக்காமல், முகவரியை நீங்களே தட்டி உள்ளே போய்ப் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பணம் வருவதன் வரிக் கணக்கை உங்கள் ஆடிட்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொந்தமாகப் பக்கம் அமைப்பதா, விற்பனைச் சந்தைகள் தரும் தயார்ப் பக்கத்தைப் பயன்படுத்துவதா? (சென்னை வாசகர்)

நிரல் எழுதத் தெரியாதவருக்கும், நூறு இருநூறு பெயர் வைத்திருப்பவருக்கும் தயார்ப் பக்கம். ஆஃப்டர்னிக், ஜெர்மனியின் செடோ போன்றவற்றில் பெயரைச் சேர்த்து, அவர்களுடைய நேம் சர்வரை (பெயரைத் தட்டுகிறவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்று சொல்லும் கணினி) குறித்தால் பக்கம் தானாக வந்துவிடும். பெரிய இலாபம் அந்தப் பக்கம் அல்ல. பதிவு நிறுவனங்களின் தேடல் பெட்டியில் ஒருவர் அந்தப் பெயரைத் தேடினால் 'இந்த விலைக்குக் கிடைக்கும்' என்று அங்கேயே தெரியும். உலாவியில் தட்டாமல் நேராகத் தேடல் பெட்டிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். இதற்குத் தரகு உண்டு. இடத்தையும் வசதியையும் பொறுத்து விலையில் பத்திலொரு பங்கு முதல் கால் பங்குவரை போகும்.

மற்றவர் பக்கத்தை நம்பியிருப்பதில் உள்ள சங்கடத்துக்கு டான் டாட் காம் என்ற சந்தை ஓர் எடுத்துக்காட்டு. அதன் விற்பனைப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: பெயர், விலை, தவணை வசதி, பொத்தான், வேறு சத்தம் இல்லை. 2022இல் கோடாடி என்ற பதிவு நிறுவனம் அதை வாங்கியது. பிறகு விற்பனையாளர்களை ஆஃப்டர்னிக்குக்கு மாற்றிவிட்டார்கள். உங்களிடம் நாலைந்து நல்ல பெயர்கள்தான் என்றால் சொந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, விலையை மட்டும் சந்தையில் பதிந்து வையுங்கள். நேம் சர்வரை மாற்றுவதற்கு முன் அந்தப் பெயரில் மின்னஞ்சல் ஏதும் இயங்குகிறதா என்று பாருங்கள்; மாற்றியதும் அது நின்றுவிடும்.

கேள்வி: என் தம்பி வெள்ளைப் பக்கத்தில் டொமைன் பெயர், விலை, தொலைபேசி எண் மூன்றை மட்டும் எழுதி வைத்திருக்கிறான். சோம்பேறித்தனம்தானே? (தேனி வாசகி)

தம்பியைத் திட்டாதீர்கள். சேலம் வாசகரின் முகவரி தருகிறேன், தம்பியை அவரிடம் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பக்கத்துக்கு மாதம் நானூறு பேர் வருவதாகக் கணக்குக் காட்டுகிறது. ஒரு விசாரணைகூட இல்லை. பக்கத்தில் என்ன கோளாறு? (புதுச்சேரி வாசகர்)

அந்த நானூறில் மனிதர்கள் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். தேடுபொறிகளும், பாதுகாப்புச் சோதனை இயந்திரங்களும், குப்பைச் செய்தி அனுப்பும் நிரல்களும் இரவு பகலாக எல்லா டொமைன்களையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. முகவரியை நேராகத் தட்டி, உலாவியில் படங்கள் முழுவதும் இறங்கும்வரை இருந்தவர்களைத் தனியாக எண்ணினால் கணக்கு வெகுவாகச் சுருங்கும்.

அதற்குப் பிறகு ஒரு சோதனை. உறவினர் ஒருவரின் கைபேசியை வாங்கி, அவருடைய மின்னஞ்சலைப் போட்டு, உங்கள் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்புங்கள். அது உங்களுக்கு வந்து சேர்கிறதா? பலருக்கு ஸ்பேம் பெட்டியில் விழுந்திருக்கும். அனுப்புநராக நிரப்பியவரின் முகவரியையே படிவம் வைத்து அனுப்பினால் அஞ்சல் சேவைகள் அதைப் போலி என்று சந்தேகிக்கும். உங்கள் டொமைனின் முகவரியிலிருந்து அனுப்பும்படி வைத்து, பதில் முகவரியாக மட்டும் அவருடையதை வையுங்கள். வந்த விசாரணைக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள். அவர் மாற்றுப் பெயர்கள் இரண்டு மூன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதியிருப்பார்.

கேள்வி: இத்தனை நாள் காத்திருந்து ஒரு பெயர் இப்போது விலைபோகிறது. வாங்குகிறவர் பணத்தை எஸ்க்ரோவில் கட்டிவிட்டார். இனி அந்தப் பக்கத்தை என்ன செய்ய வேண்டும்? (கோவில்பட்டி வாசகர்)

வாழ்த்துகள். பணம் வந்துவிட்டதாக எஸ்க்ரோ உறுதி செய்த அதே மணியில், அந்தப் பெயரைப் பதிந்து வைத்திருக்கும் எல்லாச் சந்தைகளிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எங்கோ ஒரு பட்டியலில் மறந்து விட்டால், நாளைக்கு இன்னொருவர் 'உடனே வாங்கு' பொத்தானை அழுத்திவிடுவார். ஒரே பெயரை இருவருக்கு விற்றவர் ஆவீர்கள். விற்பனைப் பக்கத்தில் விலையையும் படிவத்தையும் நீக்கி, 'விற்கப்பட்டது, மாற்றம் நடைபெறுகிறது' என்று வையுங்கள். பெயரைப் பதிந்தோ வேறு நிறுவனத்துக்கு மாற்றியோ அறுபது நாள் ஆகவில்லை என்றால் வேறு பதிவு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது. அப்போது வாங்குகிறவரை உங்கள் பதிவு நிறுவனத்திலேயே ஒரு கணக்குத் திறக்கச் சொல்லி, அதற்குள் மாற்றித் தர முடிகிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் முடியும். புதுப்பிக்கும் தேதி நெருங்கியிருந்தால் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டே கொடுங்கள். மாற்றத்தின் நடுவில் பெயர் காலாவதியானால் எஸ்க்ரோவில் கிடக்கும் பணம் அங்கேயே கிடக்கும்.